பழைய என்ஜின் வாங்கப் போறீங்களா? பிளாக்கில் இருக்குது ஜாதகம்!

சென்னை,

"ஓடிக்கிட்டிருந்த வண்டியில இருந்து நேத்துதான் இறக்கினோம் அண்ணே. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

பழைய என்ஜின் வாங்கப் போகும் எல்லோர் காதிலும் விழும் வார்த்தை இது.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்களுக்கு கண் திறப்பது எப்.சி.க்கு வண்டியைக் கொண்டு போகும் நாளில்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டை தூக்கச் சொல்வார். ஆர்.சி. புத்தகத்தையும் என்ஜினையும் மாறி மாறி பார்ப்பார். "புத்தகத்துல ஒரு நம்பர் இருக்கு, என்ஜின்ல ஒரு நம்பர் இருக்கே. என்னப்பா இது?" என்று கேட்பார்.

அந்த ஒரு கேள்வியோடு வண்டி ஓரம் கட்டப்படும்.

ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் அன்றைய வரும்படி போச்சு என்று இருக்கும் டாக்சி டிரைவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கடன் வாங்கிப் போட்ட என்ஜின். மாட்டிய கூலி தனி. அது ஒரு திருட்டு காரில் இருந்து வந்தது என்று தெரிந்தால் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு என்று அலைய வேண்டியது பணம் கொடுத்து வாங்கியவர்தான். விற்றவர் சொன்ன வார்த்தை காற்றோடு போய்விடும். பிளாக்கில் அடித்த நம்பர் மட்டும் அப்படியே இருக்கும்.

அந்த நம்பரைப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்த என்ஜின் எந்த கம்பெனியுடையது, எந்த காருக்காக பிறந்தது, சில கார்களில் எந்த வருடம் பிறந்தது என்பது வரை கடையிலேயே நின்று கண்டுபிடித்து விடலாம். இதற்கு பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு டார்ச் லைட்டும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

ஏன் பழைய என்ஜின்?

என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்தால் முதலில் 'போர்' பண்ணி பிஸ்டன், ரிங் மாற்றிப் பார்ப்பார்கள். கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கையே ஓட்டை போட்டுவிட்டால் அதற்கும் வழியில்லை. கம்பெனியில் புது என்ஜின் விலையைக் கேட்டால், அந்த பழைய காரின் விலையே அவ்வளவு வராது. சில கார்களுக்கு கம்பெனியே இல்லை. செவர்லே கார்கள் இந்தியாவில் 2017-ம் ஆண்டோடு விற்பனை நிறுத்தப்பட்டது. போர்டு கம்பெனி 2021-ம் ஆண்டு செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அம்பாசிடர் 2014-ம் ஆண்டிலேயே நின்று போனது.

அதனால்தான் சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்கு போகிறார்கள். எழும்பூரை ஒட்டி, கூவம் பக்கத்தில் இருக்கும் இந்த மார்க்கெட்டில் கார் டோர் முதல் கியர் பாக்ஸ் வரை கிடைக்கும். விபத்தில் நொறுங்கியது, ஏலத்தில் எடுத்தது, கண்டம் ஆனது என்று பல வழிகளில் வரும் வண்டிகளைப் பிரித்து விற்கிறார்கள். முறையாக கணக்கு வைத்து, வண்டியின் ஆர்.சி. நகலோடு விற்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் நம்பரைக் காட்டச் சொன்னால் கோபப்பட மாட்டார்கள். அவர்களே துடைத்துக் காட்டுவார்கள்.

முட்டி நிற்பது வேறு, குழி விழுந்தது வேறு

என்ஜின் பிளாக்கை சுற்றிப் பார்த்தால் பல இடங்களில் எண்ணும் எழுத்தும் இருக்கும். எது என்ஜின் நம்பர் என்று தெரியாமல்தான் பல பேர் குழம்பிப் போகிறார்கள்.

இதற்கு சுலபமான வழி இருக்கிறது. விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து வெளியே முட்டிக்கொண்டு நின்றால் அது வார்ப்பு எண். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றும்போதே வந்தது. ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான பிளாக்குகளிலும் அதே எண்தான் இருக்கும். அதை வைத்து 'இது எந்த வகை பிளாக்' என்று சொல்லலாமே தவிர, 'இது யாருடைய என்ஜின்' என்று சொல்ல முடியாது.

எழுத்து உள்ளே குழி விழுந்த மாதிரி இருந்தால் அது பஞ்ச் அடித்தது. அதுதான் என்ஜின் நம்பர். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அதுதான். மனிதனுக்கு கைரேகை மாதிரி. ஒரு என்ஜினுக்கு ஒன்றுதான்.

இந்த நம்பரை அடிப்பதற்கென்றே பிளாக்கில் ஒரு இடத்தை மிஷினில் சீவி சமமாக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலான கார்களில் பிளாக்கும் கியர் பாக்சும் சேரும் விளிம்புக்கு பக்கத்தில் அந்த இடம் இருக்கும். சில கார்களில் சைலன்சர் மேனிபோல்டுக்கு கீழே ஒளிந்திருக்கும். ஆயிலும் தூசும் சேர்ந்து கரி பிடித்துப் போயிருப்பதால் கண்ணுக்கு தெரியாது. டீசலில் நனைத்த துணியால் துடைத்தால் பளிச்சென்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. உப்புத்தாள், ஒயர் பிரஷ் போட்டு தேய்க்காதீர்கள். நம்பர் மேல் தேய்த்த தடம் விழுந்தால் நாளைக்கு சந்தேகம் உங்கள் மேலேயே திரும்பும்.

முதல் பாதி குடும்பப் பெயர்

என்ஜின் நம்பரை இரண்டாக பிரித்துப் படிக்க வேண்டும். முதலில் வரும் சில எழுத்துகள் என்ஜினின் குடும்பப் பெயர். பின்னால் வரும் எண்கள் அந்த என்ஜினுக்கு மட்டும் சொந்தமானவை.

முதலில் நம்ம ஊர் ரோட்டில் அதிகம் ஓடிய மாருதியை எடுத்துக் கொள்வோம்.

மாருதி 800, ஆம்னி கார்களில் இருந்தது 'எப்8பி' என்ஜின். இதில் 8 என்பது 800 சி.சி. வகை என்பதைக் குறிக்கும். சரியான அளவு 796 சி.சி. ஆல்டோவில் வந்தது 'எப்8டி'. அதுவும் 796 சி.சி.தான். இரண்டிலும் 3 சிலிண்டர்தான். ஆனால் எப்8பி-யில் 6 வால்வு, எப்8டி-யில் 12 வால்வு. ஹெட் வேறு, கேஸ்கெட் வேறு. "800 என்ஜின்தானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை தலையில் கட்டினால், பட்டறைக்கு போன பிறகுதான் விஷயம் தெரியும். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

ஆல்டோ கே10, வேகன் ஆர் கார்களில் வந்தது 'கே10பி'. இது 998 சி.சி. பழைய ஜென் காரில் இருந்தது 'ஜி10பி'. அது 993 சி.சி. இரண்டையும் '1 லிட்டர் என்ஜின்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஜி10பி-யில் 4 சிலிண்டர், கே10பி-யில் 3 சிலிண்டர். ஒன்றை எடுத்து ஒன்றில் மாட்ட முடியாது.

அடுத்து டாடா. இந்த கம்பெனியின் பழைய டீசல் என்ஜின்களுக்கு பெயர் வைத்த விதமே ஒரு கணக்குதான்.

இண்டிகா டீசலில் இருந்தது '475' என்ஜின். முதலில் வரும் 4 என்பது 4 சிலிண்டர். அடுத்து வரும் 75 என்பது சிலிண்டரின் போர் அளவு, 75 மில்லி மீட்டர். பழைய சுமோவில் '483' என்ஜின். அதாவது 4 சிலிண்டர், 83 மில்லி மீட்டர். லாரிகளில் இருந்த '697' என்ஜினில் 6 சிலிண்டர், 97 மில்லி மீட்டர். அதே 97-ல் 4 சிலிண்டர் போட்டால் '497'. ஸ்கேல் வைத்து அளந்தால் கூட கணக்கு சரியாக வரும். இண்டிகா 1405 சி.சி., சுமோ 1948 சி.சி. என்று ஆர்.சி.யில் இருப்பதும் இந்த அளவில் இருந்து வந்ததுதான்.

டொயோட்டாவில் முதலில் எண் வரும். குவாலிஸ் டீசல் என்ஜின் '2எல்'. இன்னோவா 2005-ல் வந்தபோது இருந்த டீசல் என்ஜின் '2கேடி-எப்டிவி', 2494 சி.சி. பார்ச்சூனர் 3 லிட்டர் டீசல் '1கேடி-எப்டிவி', 2982 சி.சி. இரண்டும் ஒரே 'கேடி' குடும்பம். முன்னால் இருக்கும் எண்தான் எது எது என்று பிரித்துக் காட்டும். 2016-ல் வந்த கிரிஸ்டாவில் 'ஜிடி' குடும்பம் வந்துவிட்டது. பழைய இன்னோவாவுக்கு என்ஜின் தேடுபவர் 'ஜிடி' என்று பார்த்தால் அது தன் வண்டிக்கு இல்லை என்று நகர்ந்துவிட வேண்டியதுதான்.

வருடத்தையே சொல்லும் ஹூண்டாய்

ஹூண்டாய் என்ஜின் நம்பர்தான் படிப்பதற்கு சுவாரசியமானது. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இருந்து 1998-ல் சாண்ட்ரோ வெளிவந்த காலத்தில் இருந்து நம்ம மெக்கானிக்குகளுக்கு பழக்கமான நம்பர் இது.

முதல் எழுத்து 'ஜி' என்றால் பெட்ரோல். 'டி' என்றால் டீசல். அடுத்த எண் சிலிண்டர். சாண்ட்ரோ ஜிங் காரில் வந்த 'ஜி4எச்டி' பெட்ரோல், 4 சிலிண்டர், 1086 சி.சி. இயான் காரில் வந்தது 'ஜி3எச்ஏ'. பெயரிலேயே 3 சிலிண்டர் என்று இருக்கிறது. பழைய வெர்னா 1.5 டீசலில் 'டி4எப்ஏ'.

இந்த நாலு எழுத்துக்கு அடுத்து வருவதுதான் முக்கியம். அது வருடம். அதற்கு அடுத்து ஆலையின் எழுத்து. நம்ம ஊர் ஆலைக்கு 'எம்'. பிறகு 6 இலக்க எண்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு என்ஜினில் 'ஜி4எச்ஜி8எம்' என்று ஆரம்பித்து 6 இலக்கம் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஜி4எச்ஜி என்பது ஐ10 காரில் வந்த 1.1 லிட்டர் என்ஜின். 8 என்றால் 2008. எம் என்றால் இங்கே தயாரானது. கடைக்காரர் "2012 மாடல் அண்ணே, கம்மியா ஓடினது" என்று சொன்னால், அந்த ஒற்றை 8-ஐ விரலால் சுட்டிக் காட்டினால் போதும். பேரம் தானாக இறங்கும்.

வருட எழுத்தின் கணக்கு இதுதான். 2001-க்கு 1, 2002-க்கு 2 என்று தொடங்கி 2009-க்கு 9. அதன் பிறகு எழுத்து. 2010-க்கு ஏ, 2011-க்கு பி, 2012-க்கு சி என்று ஆங்கில வரிசையில் போகும். ஐ, ஓ, கியூ ஆகிய 3 எழுத்துகளும் கிடையாது. ஒன்று, பூஜ்ஜியம் ஆகிய எண்களோடு குழப்பம் வரும் என்பதால் அவற்றை விட்டு விட்டார்கள். 'ஓ' என்ற எழுத்து இருக்கிறது என்று யாராவது காட்டினால் உஷாராக இருங்கள்.

எல்லா கம்பெனியும் என்ஜின் நம்பரில் வருடத்தை வைப்பதில்லை. மாருதியில் குடும்பப் பெயருக்குப் பிறகு பெரும்பாலும் வெறும் ஓடும் எண்தான். அங்கே வருடத்துக்கு ஆர்.சி.யைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே என்ஜின், பல வீடு

குடும்பப் பெயரை மட்டும் நம்பி ஏமாறும் இடமும் உண்டு.

மாருதி ஸ்விப்ட் டீசலில் இருந்த 1248 சி.சி. என்ஜின் உண்மையில் இத்தாலியின் பியட் கம்பெனி வடிவமைத்தது. மாருதி அதற்கு 'டி13ஏ' என்று பெயர் வைத்தது. ரிட்ஸ், டிசையர், எர்டிகா, சியாஸ் என்று மாருதியின் பல கார்களில் அதே என்ஜின். டாடா இண்டிகா விஸ்டாவில் 'குவாட்ராஜெட்' என்ற பெயரில் வந்ததும் அதே. பியட் புன்டோ, லீனியாவிலும் அதே. இந்தியாவின் 'தேசிய என்ஜின்' என்றே வாகன வட்டாரத்தில் கிண்டலாக சொல்வார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததோடு மாருதி டீசல் கார்களை நிறுத்தியது. ரோட்டில் ஓடும் பழைய கார்களுக்கு இனி பழைய என்ஜின்தான் கதி. அதனால் இதற்கு தேடல் அதிகம்.

இங்கேதான் சிக்கல். ஸ்விப்டில் இருந்தது 75 குதிரை சக்தி. எர்டிகா, சியாசில் இருந்தது 90 குதிரை சக்தி. டர்போ வேறு. சி.சி. மட்டும் ஒன்று. விஸ்டாவில் இருந்து இறக்கியதை "ஸ்விப்ட் என்ஜின்" என்று சொன்னால் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நம்பரின் ஆரம்பமே வேறு மாதிரி இருக்கும். 'டி13ஏ' என்று இல்லை என்றால் அது மாருதி காரில் இருந்து வந்தது இல்லை. வயரிங், இ.சி.எம். எல்லாம் தகராறு செய்யும். ஆர்.டி.ஓ. ஆபீசிலும் கேள்வி வரும்.

சேசிஸ் நம்பரையும் கேளுங்கள்

என்ஜின் நம்பர் வேறு, சேசிஸ் நம்பர் வேறு. சேசிஸ் நம்பர் காரின் உடம்பில் இருக்கும். என்ஜினை தனியாக வாங்கும்போது அந்த உடம்பு அங்கே இருக்காது. ஆனாலும் அந்த நம்பரைக் கேட்க வேண்டும். ஏனென்றால் என்ஜின் எந்த காரில் இருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

சேசிஸ் நம்பரில் மொத்தம் 17 இலக்கம். முதல் 3 இலக்கம் நாட்டையும் கம்பெனியையும் சொல்லும். 'எம்ஏ'-வில் இருந்து 'எம்இ' வரை இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவை. அதில் 'எம்ஏ3' என்றால் மாருதி. 'எம்ஏஎல்' என்றால் ஹூண்டாய். 'எம்ஏடி' என்றால் டாடா. 'எம்ஏ1' மகிந்திரா. 'எம்ஏகே' ஹோண்டா கார். 'எம்பிஜே' டொயோட்டா. 'எம்ஏஜே' போர்டு. ஆட்டோ, பைக்கிலும் இதே முறைதான். பஜாஜுக்கு 'எம்டி2', டி.வி.எஸ்.சுக்கு 'எம்டி6'. நம்பர் 'ஜே' என்று ஆரம்பித்தால் அந்த வண்டி ஜப்பானில் தயாரானது.

கடைக்காரர் ஸ்விப்ட் என்ஜின் என்று சொல்லி ஆர்.சி. நகலைக் கொடுக்கிறார். அதில் சேசிஸ் நம்பர் 'எம்ஏடி' என்று ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் அது டாடா காரின் ஆர்.சி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றே எழுத்தில் குட்டு வெளிப்பட்டு விடும்.

தேய்த்த நம்பரை கண்டுபிடிப்பது எப்படி?

நம்பர் இருப்பது மட்டும் போதாது. அது கம்பெனியில் அடித்த நம்பர்தானா என்று பார்க்க வேண்டும். அதற்கு கவனிக்க வேண்டியவை வருமாறு:-

கம்பெனியில் மிஷின் அடிக்கும் நம்பர் ஒரே நேர்கோட்டில், ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்கும். சுத்தியல் கொண்டு ஒவ்வொரு பஞ்சாக அடித்தால் ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் இருக்கும். ஒன்று சாய்ந்து நிற்கும்.

நம்பர் இருக்கும் இடத்தில் மிஷின் சீவிய மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். கிரைண்டர் பட்டிருந்தால் அந்தக் கோடுகள் காணாமல் போயிருக்கும். அல்லது குறுக்கும் நெடுக்குமாக கீறல் இருக்கும். விரலால் தடவினால் லேசாக பள்ளம் தட்டுப்படும்.

என்ஜின் முழுக்க கரியும் ஆயிலுமாக இருக்க, நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் புது பெயிண்டோ, பட்டியோ பளபளத்தால் அதைத் தாண்டி போகாதீர்கள்.

3-ஐ 8 ஆக்குவது, 1-ஐ 4 ஆக்குவது சுலபம். அந்த எண்கள் வரும் இடத்தில் கோடுகளின் தடிமன் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே நம்பரில் இன்னொரு 8 இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

அழித்தாலும் திரும்ப வரும்

"நம்பர் தேய்ஞ்சு போச்சு அண்ணே, பழைய என்ஜின்ல அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். துரு பிடித்து மங்கலாகலாம். பக்கத்தில் எல்லாம் நன்றாக இருக்க, நம்பர் மட்டும் தானாக மழமழவென்று ஆகாது.

அழித்த நம்பரையும் தடய அறிவியல் துறையில் வெளியே கொண்டு வந்து விடுவார்கள். பஞ்ச் அடிக்கும்போது அந்த அடி மேல்பரப்போடு நிற்பதில்லை. அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கி இறுகிப் போகிறது. மேலே கண்ணுக்குத் தெரியும் நம்பரை கிரைண்டரில் சீவினாலும் அடியில் இறுகிய பகுதி அப்படியே இருக்கும். அந்த இடத்தை மெருகேற்றி தாமிர குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், இறுகிய உலோகம் ஒரு மாதிரியும் மற்ற இடம் ஒரு மாதிரியும் அரிக்கும். நம்பர் நிழல் போல மேலே எழும்பி வரும். இரும்பு பிளாக்குக்கு இந்த முறை. அலுமினிய பிளாக்குக்கு வேறு கரைசல்.

ரொம்ப ஆழமாக சீவியிருந்தால் மட்டும்தான் வராது. ஆனால் அவ்வளவு ஆழமாக சீவியதே பெரிய சாட்சி ஆகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் பொறிக்கப்பட்டு இருக்க வேண்டும் என்பது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 122-வது விதி.

வண்டியை ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019-ம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. அதனால் பெட்ரோல் காரில் டீசல் என்ஜின் போடுவது, சின்ன காரில் பெரிய என்ஜினைத் திணிப்பது எல்லாம் வேலைக்கு ஆகாது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 2019-ல் கொண்டு வந்த திருத்தத்தில் வழி இருக்கிறது.

அதே கம்பெனி, அதே வகை என்ஜினை மாற்றினாலும் சும்மா இருக்கக் கூடாது. 14 நாட்களுக்குள் வட்டார போக்குவரத்து அலுவலகத்துக்கு தெரிவித்து, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். என்ஜினை மாட்டுவதற்கு முன்பே அந்த அலுவலகத்துக்கு போய் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இன்சூரன்ஸ் பாலிசியிலும் இரண்டு நம்பரும் இருக்கும். அதையும் மாற்றாவிட்டால் விபத்து நடந்து பணம் கேட்கும் நாளில் தகராறு வரும்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்க காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை தண்டனை உண்டு. "எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லலாம். ஆனால் நம்பர் சீவிய என்ஜினை பில் இல்லாமல், பாதி விலைக்கு வாங்கியிருந்தால் அந்த பதில் எடுபடுவது கஷ்டம்.

காசு கொடுக்கும் முன்பு...

பழைய என்ஜின் வாங்குபவர்கள் கீழே உள்ளவற்றை வரிசையாக செய்தால் பிரச்சினை வராது.

1. வீட்டில் இருந்து கிளம்பும்போதே உங்கள் ஆர்.சி. நகலை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் என்ஜின் நம்பரின் முதல் பாதியும், கடையில் இருக்கும் என்ஜினின் முதல் பாதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

2. நம்பர் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் லேசாக தேயுங்கள். நம்பர் அப்படியே தாளில் வரும். ஆர்.டி.ஓ. ஆபீசில் எடுக்கும் அதே 'பென்சில் பிரிண்ட்'தான். செல்போனில் போட்டோவும் எடுத்து வையுங்கள்.

3. என்ஜின் இறக்கிய காரின் ஆர்.சி. நகலைக் கேளுங்கள். அதில் உள்ள என்ஜின் நம்பரும் பென்சில் பிரிண்டும் ஒத்துப் போகிறதா பாருங்கள்.

4. அந்த காரின் பதிவு எண்ணை மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். என்ஜின் நம்பரில் சில இலக்கங்களை மறைத்து காட்டும். தெரியும் இலக்கங்களை ஒப்பிட்டாலே போதும்.

5. திருட்டு வண்டியா என்று பார்க்க தேசிய குற்ற ஆவண காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவை இருக்கிறது. என்ஜின், சேசிஸ் நம்பரைக் கொடுத்து தேடலாம். செய்யத் தெரியாதவர்கள் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கேட்டால் பார்த்துக் கொடுப்பார்கள்.

6. ஹெட்டை கழற்றிக் காட்டினால் பிஸ்டன் தலையைப் பாருங்கள். '0.50' என்ற மாதிரி எண் அடித்திருந்தால் ஏற்கனவே போர் பண்ணி பெரிய சைஸ் பிஸ்டன் போட்ட என்ஜின் என்று அர்த்தம். "இதுவரைக்கும் கை வைக்காத என்ஜின்" என்று சொன்னால் அந்த எண்ணே பதில் சொல்லும்.

7. சாவியில் சிப் இருக்கும் கார் என்றால் இ.சி.எம்., சாவி விவகாரத்தை உங்கள் மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

8. பில் வாங்காமல் வராதீர்கள். பில்லில் வெறும் 'பழைய என்ஜின் - 1' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. முழு என்ஜின் நம்பர், இறக்கிய காரின் சேசிஸ் நம்பர், கடை பெயர், தேதி எல்லாம் இருக்க வேண்டும்.

இதில் எதைக் கேட்டாலும் "அதெல்லாம் எதுக்கு அண்ணே, நான் இருக்கேன்ல" என்று சொல்கிறாரா? பேசாமல் அடுத்த கடைக்கு நடந்து விடுங்கள்.

உங்கள் பழைய என்ஜினையும் அப்படியே போட்டுவிட்டு வராதீர்கள். அதிலும் உங்கள் பெயரில் பதிவான நம்பர் இருக்கிறது. யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். நாளைக்கு அது எங்காவது தப்பான வண்டியில் சிக்கினால் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டைத்தான்.

பொண்ணு பார்க்கப் போனால் 10 பொருத்தம் பார்க்கிறோம். வயிற்றுப் பிழைப்புக்கு ஓட்டும் வண்டிக்கு என்ஜின் எடுக்கும்போது, பிளாக்கில் இருக்கும் அந்த ஒரு வரி ஜாதகத்தையும் 10 நிமிடம் ஒதுக்கி படித்துவிட்டு பணத்தை எண்ணுங்கள்.